மகஜர்களும் சட்டமூலங்களும்

என் எழுத்தறையின் மூலையில் பழைய தகரப்பெட்டி ஒன்று கிடக்கிறது. செய்தியாளனாகப் பணியாற்றிய காலத்தில் என் பெயரோடும் பெயரின்றியும் வெளிவந்த செய்தித் துணுக்குகளை அதனுள் இட்டு வைப்பது வழக்கம். கடந்த மாரியில் கூரை ஒழுகிப் பெட்டிக்குள் நீர் இறங்கிவிட்டது. முற்றத்தில் பாயை விரித்து, அத்துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் காயப்போட்டபோதுதான், நான் இதுவரை கவனித்திராத ஒரு விடயம் கண்ணிற்பட்டது.

"வைத்தியசாலையைத் தரமுயர்த்துமாறு அமைச்சரிடம் மகஜர்." "மகப்பேற்று விடுதிக்குப் புதிய கட்டடம் கோரி மகஜர்." "வைத்திய நிபுணர் இன்மையால் நோயாளர் அவதி. பாராளுமன்ற உறுப்பினரிடம் மகஜர் கையளிப்பு." ஆண்டுகள் மாறியிருந்தன, அமைச்சர்களின் பெயர்கள் மாறியிருந்தன, கட்சிகளின் நிறங்களும் மாறியிருந்தன. மகஜர் மட்டும் மாறவில்லை. பொத்துவிலிலிருந்து மருதமுனை வரையான இந்தக் கரையோரத்தின் சுகாதாரம் குறித்து நான் எழுதியவற்றுள் எஞ்சியிருந்த துணுக்குகளை எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டிலும் மக்கள் எதையோ கேட்டிருந்தார்கள். கட்டடம் கேட்டார்கள், அம்புலன்ஸ் வண்டி கேட்டார்கள், மருத்துவர் கேட்டார்கள். ஒன்றிலேனும் ஒரு சட்டத்தைக் கேட்டிருக்கவில்லை. அதனைவிட வெட்கத்துக்குரியது, "இதற்கு என்ன சட்டம் இருக்கிறது?" என்ற கேள்வியை ஒரு செய்தியிலேனும் நான் எழுப்பியிருக்கவில்லை என்பதாகும்.

இக்கட்டுரை, ஆகவே, முதலில் என்னை நோக்கியே எழுதப்படுகிறது.

மகஜர் கொடுப்பதற்கும் சட்டம் கேட்பதற்கும் என்ன வேறுபாடு என வாசகர் வினவக்கூடும். மகஜரின் பயன் கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. அமைச்சர் மனமிரங்கினால் கட்டடம் வரும். அவர் பதவி இழந்தால் கட்டடம் அரைச்சுவரோடு நிற்கும். ஒரு வைத்தியசாலையில் ஒரே விடுதியை இரு வேறு அரசியல்வாதிகள் இரு வேறு ஆண்டுகளில் திறந்துவைத்ததை நானே செய்தியாக்கியிருக்கிறேன். இரண்டு நினைவுக்கற்களும் இன்றும் சுவரில் இருக்கின்றன. இரண்டு திறப்பு விழாக்களுக்குப் பின்னரும் ஆளணி இன்றி அந்த விடுதி நெடுநாள் பூட்டிக் கிடந்தது. வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். இக்கரையோரத்தார் பலரும் தத்தம் ஊரையே நினைத்துக்கொள்வர். சட்டம் அப்படியானதன்று. சட்டத்தில் எழுதப்பட்டதை எந்த அமைச்சர் வந்தாலும் கேட்கலாம். தரமறுத்தால் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். மகஜரில் நாம் இரப்பவர்கள். சட்டத்தின் முன் நாம் உரித்தாளிகள்.

இந்த வேறுபாட்டை எனக்கு உறைக்கச் செய்தவர் எங்கள் தெருவில் வசிக்கும் வயோதிபர் ஒருவர். கடற்றொழில் செய்து ஓய்ந்தவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருதய நோயும் ஒருங்கே உள்ளவர். நாட்டின் பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில், கிளினிக்கில் இல்லாத மருந்துகளை வெளியில் வாங்கிக்கொள்ளுமாறு எழுதிக் கொடுத்த துண்டோடு மருந்துக் கடையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துண்டை நீட்டினார். "தம்பி, இதுல எந்தக் குளிசைய விட்டா மனிசன் சாகமாட்டான் எண்டு உள்ளுக்க கேட்டுச் சொல்லுங்க. எல்லாத்தையும் வாங்க ஏலா" என்றார். நாற்பது ஆண்டுக் காலம் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு, அந்தக் கேள்வியைக் கொண்டுபோய் யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.

அந்தக் கேள்வியை இந்நாட்டில் நெடுங்காலத்துக்கு முன்னரே அரசின் முன் வைத்த ஒரு மனிதர் இருந்தார். அவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தியல் பேராசிரியரான அவரும், மருத்துவரும் இடதுசாரித் தலைவருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து 1971இல் இலங்கையின் மருந்து நிருவாகம் பற்றிய அறிக்கையொன்றை அரசிடம் கையளித்தனர். அதன் சாரம் எளிமையானது. ஒரே மருந்து பல்வேறு வர்த்தகப் பெயர்களில் பல்வேறு விலைகளில் நாட்டுக்குள் வருகிறது. தேவையான மருந்துகளை மட்டும், அவற்றின் பொதுப்பெயரில், உலகச் சந்தையில் விலைமனுக் கோரி அரசே மொத்தமாக வாங்கினால் செலவு பெருமளவு குறையும் என்பதே அது. அதே ஆண்டில் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்டது. பிபிலே அதன் தலைவரானார். தனியார் துறையில் இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன.

பன்னாட்டு மருந்துக் கம்பனிகள் இதனைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. வாந்திபேதி பரவிய காலத்தில் டெட்ராசைக்கிளின் மாத்திரையை உள்ளூரில் உற்பத்தி செய்யுமாறு அரசு கேட்டபோது, கூட்டுத்தாபனம் வேறிடத்தில் மலிவாக வாங்கிய மூலப்பொருளைப் பயன்படுத்த ஃபைசர் நிறுவனம் மறுத்ததையும், அந்நிறுவனத்தின் மீது அரசு கைவைக்க முற்பட்டபோது அமெரிக்கத் தூதுவர் தலையிட்டதையும், பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் சேர்ந்து எழுதி 1977இல் வெளியான ஆய்வுக்கட்டுரை பதிவு செய்திருக்கிறது. 1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. தனியார் இறக்குமதிக்குக் கதவுகள் மீண்டும் அகலத் திறந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில், ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்காகச் சென்றிருந்த இடத்தில், கயானா நாட்டில் பிபிலே காலமானார். அதே 1977இல்தான் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற்பட்டியலை வெளியிட்டது. உலகம் இத்திசையில் நடக்கத் தொடங்கிய ஆண்டில் நாம் திரும்பி நடக்கத் தொடங்கினோம்.

ஏன் அவ்வளவு எளிதாகத் திரும்பி நடக்க முடிந்தது? பிபிலேயின் கொள்கையைப் பாதுகாக்கும் முழுமையான சட்டம் எதுவும் அப்போது இருக்கவில்லை என்பதே விடை. கொள்கை என்பது ஓர் அரசின் மனநிலை. அரசு போனால் அதுவும் போகும். 1980இல் அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் பற்றிய 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது மருந்துகளைப் பதிவு செய்யவும் தரத்தைக் கவனிக்கவும் உதவியதேயன்றி, விலையையும் தேவையையும் பற்றிய பிபிலேயின் கேள்வியைத் தீர்க்கவில்லை.

அதன்பின் நடந்தது, செய்தித்தாள்களின் முன்பக்கத்துக்கு அரிதாகவே வந்த ஒரு நீண்ட போராட்டம். பிபிலேயின் மாணவர்களும், மருந்தாளர்களும், நோயாளர் உரிமை இயக்கங்களும், இடதுசாரிகளும் ஆட்சிக்கு ஆட்சி அமைச்சின் படிகளில் ஏறி இறங்கினார்கள். அவர்களுள் ஒருவரைத் தமிழ் வாசகர்கள் சிறப்பாக அறிந்திருக்க வேண்டும். டொக்டர் கே. பாலசுப்பிரமணியம் என்ற மருந்தியல் அறிஞர், பிபிலேயின் வழிவந்தவர். ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டமைப்பில் பணியாற்றியவர். பின்னர் ஆசிய பசுபிக் வட்டாரத்தில் மருந்து நீதிக்கான இயக்கமொன்றை வழிநடத்தியவர். மருந்துச் சட்டம் நிறைவேறுவதைக் காண அவர் உயிருடன் இருக்கவில்லை. அவரைப் பற்றி நான் என் பணிக்காலத்தில் ஒரு வரியேனும் எழுதவில்லை. மகஜர் செய்திகளில் மூழ்கிக் கிடந்தவனுக்கு அவர் எப்படித் தெரிந்திருப்பார்!

2005இல் தேசிய மருந்துக் கொள்கை அமைச்சரவையின் அங்கீகாரத்தைப் பெற்றது. அதைச் சட்டமாக்க மேலும் பத்தாண்டுகள் தேவைப்பட்டன. 2015 ஜனவரியில், முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே ஜனாதிபதியானார். நூறு நாள் வேலைத்திட்டத்தில் மருந்துச் சட்டமும் இடம்பெற்றது. மார்ச் மாதத்தில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. பிபிலேயின் அறிக்கையிலிருந்து எண்ணினால் நாற்பத்து நான்கு ஆண்டுகள்! மறு ஆண்டு ஒக்டோபரில் நாற்பத்தெட்டு மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கப்பட்டது. அந்த வேளையில் எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் சர்க்கரை நோயாளிகள் மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாவுக்கும் பின்னால், இந்த நாற்பத்து நான்கு ஆண்டுகளின் உழைப்பு இருந்தது. எந்த மகஜரும் அதைப் பெற்றுத் தந்திருக்க முடியாது.

இதே ஆண்டின் இன்னொரு படிப்பினையும் உண்டு. சிகரெட் பெட்டிகளின் மீது நோயின் படத்தை எண்பது வீத பரப்பில் அச்சிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2012இல் ஒழுங்குவிதி வகுத்தது. இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் சென்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் அந்த அளவைக் குறைத்தது. அமைச்சின் ஒழுங்குவிதி தோற்ற இடத்தில், 2015இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி எண்பது வீதத்தை நிலைநிறுத்தியது. பணம் படைத்தவர்களிடம் சட்டத்தரணிகளும் பிரதிநிதிகளும் எப்போதும் இருப்பார்கள். மருத்துவர்களுக்குப் பலம்வாய்ந்த சங்கம் இருக்கிறது; ஒருநாள் வேலைநிறுத்தத்தால் தலைநகரை அவர்கள் திரும்பிப் பார்க்க வைப்பர். மருந்து இறக்குமதியாளருக்குச் சங்கம் இருக்கிறது. நோயாளிக்கு மட்டும் சங்கம் இல்லை. இருப்பது இயற்கையுமன்று. நோய் தீர்ந்தவர் வைத்தியசாலையை மறக்கவே விரும்புவார். தீராதவருக்குக் கூட்டம் கூட வலுவிராது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். "சட்டம் வந்து என்ன கண்டோம்? 2022இல் மருந்தே இல்லாமற் போனதே! 2023இல் தரமற்ற இமியூனோகுளோபியூலின் மருந்து வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட விவகாரம் வெளிப்பட்டதே! அப்போதும் இச்சட்டம் நடைமுறையில்தானே இருந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரியானது. சுகாதார அமைச்சராயிருந்தவர் 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்ட அவ்விவகாரம் நீதிமன்றத்தின் முன் சென்றிருப்பதால் தனியாட்களைப் பற்றி நான் எதுவும் கூறேன். ஆனால் சட்டத்தைப் பற்றிக் கூறலாம். பதிவு செய்யப்படாத மருந்தை அவசரத் தேவைக்கெனக் கொண்டுவர எந்தச் சட்டத்திலும் ஒரு பக்கவாசல் வைக்கத்தான் வேண்டும். நெருக்கடியின்போது பக்கவாசலே பெருவாசலாக மாறியது. வாசலில் காவலிருக்க வேண்டியவர்கள் சட்டத்தை நிறைவேற்றிய மகிழ்ச்சியில் வீடு திரும்பியிருந்தார்கள். இதிலிருந்து நான் பெறும் முடிவு, சட்டம் பயனற்றது என்பதன்று. சட்டத்துக்காக நாற்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு, அது நிறைவேறிய மறுநாளே நாற்பத்தைந்தாவது ஆண்டின் வேலை தொடங்குகிறது என்பதே.

சட்டத்தின் வலிமையை அறிவதற்கு எங்கள் சமூகத்துக்கு வேறோர் அனுபவமும் உண்டு. அதை நினைவுகூராமல் இக்கரையோரத்திலிருந்து சுகாதாரச் சட்டம் பற்றி எழுத முடியாது. 1897ஆம் ஆண்டில் குடியேற்ற ஆட்சியாளர் இயற்றிய தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொரோனாவால் இறந்தவர்களின் உடல்கள் எரிக்கப்படுவதைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் அனுமதித்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்று தனிமைப்படுத்தப்பட்டபோது, நோயைவிட மையித்து எரிக்கப்படும் என்ற அச்சமே வீடுகளில் அதிகமாயிருந்தது. காய்ச்சலைச் சொல்லாமல் மறைத்தவர்களை நான் அறிவேன். பரிசோதனைக்கு வர அஞ்சியவர்களையும் அறிவேன். நோயைத் தடுக்கும் நோக்கத்தில் வந்த அறிவித்தல், நோயை மறைக்கவே மக்களைத் தூண்டியது.

அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட மனுக்கள் 2020 டிசெம்பர் முதலாம் திகதி விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளுபடி செய்யப்பட்டன. பிறந்து இருபது நாட்களேயான குழந்தையொன்றின் உடல் கொழும்பில் எரிக்கப்பட்ட பின்னர், பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அக்கிளர்ச்சியில் முஸ்லிம்கள் மட்டும் இருக்கவில்லை. சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவ மதகுருமாரும் துணி கட்டினார்கள். ஜெனீவாவில் குரல் எழுந்தது. பாகிஸ்தான் பிரதமர் வந்து போனார். 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அறிவித்தல் மாற்றப்பட்டது. ஓட்டமாவடியின் மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்தவர்கள் எரிந்தவர்களே.

அந்தப் பத்து மாதங்களில் நமது தலைவர்கள் என்ன செய்தார்கள்? மகஜர் கொடுத்தார்கள். சந்தித்துப் பேசினார்கள். "சாதகமான பதில் கிடைத்தது" என்று அறிக்கை விட்டார்கள். அமைச்சரின் பேனாவில் ஒரே இரவில் பிறக்கக்கூடிய ஒழுங்குவிதி அறிவியலாளர் குழுவொன்றின் வெளிப்படையான பரிந்துரையின்றிப் பிறக்கக்கூடாது, குறித்த காலத்துக்குள் பாராளுமன்றம் அதை மீளாய்வு செய்ய வேண்டும் என்று அந்தப் பழைய கட்டளைச் சட்டத்தைத் திருத்துவதற்கான வரைவு ஒன்றை எங்கள் உறுப்பினர் எவரேனும் முன்வைத்து அதற்காகப் போராடியிருந்தால், அது தோற்றிருந்தாலும் பதிவாயிருக்கும். நாளை வேறொரு நோய் வரும். அன்று வேறொரு சமூகம் இதே நிலைக்கு ஆளாகலாம்.

இனி மாகாணத்துக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் சுகாதாரத்தை மாகாண சபைகளுக்கு உரிய விடயமாக்கியது. போதனா வைத்தியசாலைகளையும் சிறப்பு நோக்கத்துக்கானவற்றையும் தவிர்ந்த அரச வைத்தியசாலைகளை நிறுவுவதும் பேணுவதும் மாகாணத்தின் அதிகாரம். அதற்கென நியதிச் சட்டங்களை இயற்றும் உரிமையும் மாகாண சபைக்கு உண்டு. அதாவது, எங்கள் நோயாளிகளின் உரிமைகளை எழுதிவைக்கக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. திருகோணமலைக்குப் போனால் போதும். ஆனால் திருகோணமலையில் யாரிடம் போவது? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரோடு முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவேயில்லை. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அன்றிலிருந்து ஆளுநர்களே மாகாணத்தை நிருவகித்து வருகின்றனர். ஆளுநர் கட்டடம் திறக்கலாம், இடமாற்றம் வழங்கலாம். மக்கள் பிரதிநிதிகள் விவாதித்து நிறைவேற்றும் நியதிச் சட்டம் ஒன்று சபையின்றி எங்கிருந்து வரும்?

இதில் நமது பங்கும் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மாகாணத்தின் கீழுள்ள வைத்தியசாலையை மத்திய அமைச்சின் கீழ் கொண்டுசெல்வதை "தரமுயர்வு" எனக் கொண்டாடியவர்கள் நாம். பட்டாசு கொளுத்தினோம், நானும் படத்தோடு செய்தி எழுதினேன். மத்திய அமைச்சிடம் பணம் அதிகம் என்பது உண்மை. ஆனால் முறைப்பாட்டைக் கேட்கும் காது மாகாணத்துக்குள் இருந்த நிலை மாறி இருநூறு கல்லுக்கு அப்பால் போனதும் உண்மை. கல்முனையில் கூப்பிடு தூரத்தில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஒன்றைத் தமிழருடையதென்றும் மற்றதை முஸ்லிம்களுடையதென்றும் மக்கள் பேசிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி மகஜர்கள், தனித்தனித் தூதுக்குழுக்கள். இரண்டிலும் வரிசையில் நிற்கும் நோயாளியின் தேவை ஒன்றே. சட்டம் கேட்பதென்றால் இரு சாராரும் சேர்ந்தே கேட்க வேண்டும். கட்டடம் கேட்பதென்றால் பிரிந்து கேட்கலாம். அரசியல்வாதிகளுக்கு மகஜர் ஏன் இனிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

பிற நாட்டார் இதை எவ்வாறு செய்தனர் என்று பார்ப்பது பயன்தரும். தாய்லாந்தில் 1997ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, ஐம்பதாயிரம் வாக்காளர்கள் கையெழுத்திட்டுச் சட்டமூலம் ஒன்றை முன்வைக்கலாம் என்றது. அங்குள்ள மக்கள் அமைப்புகள் அனைவருக்குமான மருத்துவப் பாதுகாப்புக்கென அந்தக் கையெழுத்துகளைத் திரட்டின. 2001இல் ஆட்சிக்கு வந்த கட்சி அதே கருத்தைத் தன் வாக்குறுதியாக்கியிருந்தது. 2002இல் தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அந்நாட்டு மருத்துவ அறிஞர் பிரவேச வாசி இதனை மலையை நகர்த்தும் முக்கோணம் என்பார்: அறிவு ஒரு பக்கம், மக்கள் இயக்கம் ஒரு பக்கம், அரசியல் ஈடுபாடு மறு பக்கம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மலை நகராது. நமது மருந்துச் சட்டத்தின் கதையும் அதுவே. 1971இல் அறிவும் அரசியலும் இருந்தன. மக்கள் இயக்கம் இல்லை. பின்னர் அறிவும் சிறு இயக்கமும் இருந்தன, அரசியல் இல்லை. 2015இல் மூன்றும் சிறிது காலம் ஒன்று சேர்ந்தன.

இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலச் சட்டசபை 2023 மார்ச் 21ஆம் திகதி சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசர நிலையில் வருபவருக்கு முன்பணம் கேளாது சிகிச்சையளிக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. தனியார் மருத்துவர்கள் தெருவில் இறங்கினர். இரு வாரங்கள் வைத்தியசாலைகள் முடங்கின. ஏப்ரல் 4ஆம் திகதி அரசு அவர்களோடு உடன்பட்டுப் பல தனியார் வைத்தியசாலைகளுக்கு விலக்களித்தது. அவ்வாண்டு இறுதியில் ஆட்சி மாறியது. சட்டத்தைச் செயற்படுத்துவதற்கான விதிகள் வகுக்கப்படாமல் காலம் கடந்தது. மருத்துவர்களின் அச்சத்திலும் ஒரு நியாயம் இருந்தது: அவசர சிகிச்சையின் செலவை யார், எப்போது திருப்பித் தருவார் என்பது சட்டத்தில் தெளிவாக இருக்கவில்லை. எழுதும்போதே செலவுக்கும் வழி எழுதாத உரிமை எதிரிகளை மட்டுமே சம்பாதிக்கும் என்பதை அங்கிருந்து நாம் கற்கலாம்.

அப்படியானால் நாம் எதைக் கேட்பது? வரைவெழுதும் தகுதி எனக்கில்லை. ஆயினும் இக்கரையோரத்தின் வரிசைகளில் நின்று கேட்டவற்றைக் கொண்டு, கிழக்கு மாகாண நோயாளர் நியதிச் சட்டம் ஒன்றில் இருக்க வேண்டியவை எவை என்று சொல்ல முடியும். ஒவ்வொரு வைத்தியசாலையும் தன்னிடம் இருக்கும், இல்லாத அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலை வாரந்தோறும் வாசலில் ஒட்ட வேண்டும். முறைப்பாட்டுக்குக் குறித்த நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நோயாளிக்கு அவருடைய மொழியில் விளக்கமும் துண்டும் கிடைக்க வேண்டும்; தமிழ் பேசும் தாய் ஒருத்தி சிங்களத்தில் எழுதிய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் ஆள் தேடுவதும், சிங்களத் தாய் எங்களூரில் அவ்வாறு தேடுவதும் ஒழிய வேண்டும். வைத்தியசாலைக் குழுக்களில் அரசியல்வாதியின் ஆட்களுக்குப் பதில் கிளினிக் நோயாளிகளுக்கு ஆசனம் இருக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. எந்தக் கட்டடமும் தேவையில்லை. ஆதலால் நினைவுக்கல்லும் இல்லை. அதனாற்றான் எவரும் இதுவரை வாக்களிக்கவில்லை போலும்.

நாட்டளவில் கேட்க வேண்டியது இன்னொன்று. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் சுகாதாரம் அடிப்படை உரிமையாக இல்லை. 2016இல் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி மக்கள் கருத்தறிந்த குழு, அத்தகைய சமூக உரிமைகளைச் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏட்டோடு நின்றது. 2024இல் ஆட்சிக்கு வந்தவர்கள் புதிய அரசியலமைப்பையும் மாகாண சபைத் தேர்தலையும் வாக்களித்தவர்கள். மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் பெற்றவர்கள். வாக்குறுதியை நினைவூட்டுவதற்கு மகஜர் வேண்டியதில்லை. அவர்களுடைய விஞ்ஞாபனமே போதும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அதுவும் ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பேறே. உங்கள் ஊர் வைத்தியசாலையில் சென்ற ஆண்டு எந்தெந்த மருந்து எத்தனை நாட்கள் இல்லாதிருந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் பரிபாலன சபையும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. பதில் கிடைத்தால் அது முக்கோணத்தின் முதற்பக்கம், அறிவு. கிடைக்காவிட்டால் அதுவும் ஒரு செய்தியே.

பாயில் விரித்த துணுக்குகள் காய்ந்துவிட்டன. அவற்றை மீண்டும் பெட்டிக்குள் அடுக்கியபோது எனக்குப் பெருமையாயிருக்கவில்லை. பொய் எழுதவில்லை, நடந்ததைத்தான் எழுதினேன். ஆனால் தூதுக்குழு அமைச்சரைச் சந்தித்த படத்தின் கீழ் நான் எழுதத் தவறிய ஒரு வரி, ஐம்பத்திரண்டு தடவை விடுபட்டிருக்கிறது. என் தெருவின் முதியவர் இப்போதும் மாதந்தோறும் கிளினிக்குக்குப் போகிறார்; இப்போதும் சில மாதங்களில் துண்டோடு வெளியே வருகிறார். எந்தக் குளிசையை விடுவது என்று என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். தானாகவே ஒன்றைத் தெரிந்தெடுத்து விட்டுவிடுகிறார் என்று அவருடைய மகள் சொன்னாள்.

இக்கரையோரத்தில் இன்று செய்தி எழுதும் இளைய தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மகஜர் கையளிப்புச் செய்தியை எழுதும்போது, கையளிப்பவரிடமும் பெற்றுக்கொள்பவரிடமும் ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: "இதற்கு என்ன சட்டம் வேண்டும்?" இருவருக்கும் பதில் தெரியாவிட்டால், தெரியவில்லை என்பதையே கடைசி வரியாக எழுதுங்கள்.